ஈரத்தோடு கைமாறும் படகு

ஒரு நீலத் தாள். அதைப் படகின் அடிப்பலகைக்கும் இரும்பு அளவுகோலுக்கும் நடுவே வைத்து இரண்டு கைகள் மெல்ல முன்னும் பின்னும் தேய்க்கின்றன. தாளை உருவி எடுத்ததும் வெளிர் மரத்தில் அங்கங்கே நீலப் புள்ளிகள் தெரிகின்றன. மேடான இடத்தில்தான் நீலம் ஒட்டும். வலது கை ஒரு சின்னச் சுரண்டியை எடுத்துப் புள்ளிகளை மட்டும் சுரண்டுகிறது. கட்டைவிரல் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறது. மறுபடி தாள், மறுபடி அளவுகோல். கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. பல் வைத்தியர்கள் நம் வாயில் வைத்து “கடிங்க” என்று சொல்வார்களே, அந்தத் தாள்தான் இது.

“போதும் ஆர்லிஸ். அது தண்ணியில போற படகு. யார் வாயிலயும் மாட்டப் போறதில்ல” என்றான் லானி.

ஆர்லிஸ் ட்வெய்ட் நிமிரவில்லை. பல் கட்டும் கூடத்தில் மெழுகில் பல் செதுக்கியே வயதானவள் அவள். வாயில் மாட்டாத பொருளுக்கும் அதே கணக்குத்தான்.

ஆபர்னில் அவள் வீட்டுக் கராஜில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். லானி சுகமோட்டோ கூரை வேய்பவன். முழங்கால் இரண்டிலும் தார் ஒட்டிய கால்சட்டையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். அவன் காலடியில் ஒரு துணிக்கூடை. அதற்குள் அவனுக்காக ஆர்லிஸ் கட்டிய மூன்றாவது படகு, துண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டாகப் பிளந்த மேல்தளம், நசுங்கிய மூடி, ஒரே ஒரு மிதவை. இன்னொரு மிதவை குளத்திலேயே போய்விட்டது. அதைத் தேடிச் சலித்தவன் நான்தான். கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும் சின்ன மின்மோட்டார்ப் படகுகளுக்கான எங்கள் சங்கத்தில் மீட்புப் படகு வலிப்பது என் வேலை.

“நேராவே சொல்லிடறேன்” என்றான் லானி. “மூணு படகு. மூணும் மல்லாந்துடுச்சு. மூணு தடவையும் டோனட் வாங்கினது நான். கடைக்காரி இப்பல்லாம் என்னைப் பாத்ததும் கேக்கறதே இல்ல, பெட்டிய எடுத்து வெச்சுடறா.”

“மேப்பிள் பாகு தடவினதுதானே?” என்றேன்.

“பின்ன? வேற எதையாவது வாங்கிட்டுப் போனா சங்கத்துல டெல்மர் விடுவானா?”

எங்கள் குளத்தில் அது சட்டம். யார் படகு மல்லாக்கப் புரண்டு விழுகிறதோ அவர் அடுத்த வாரம் எல்லாருக்கும் மேப்பிள் டோனட் வாங்கி வரவேண்டும். அந்தக் கோடையில் எங்கள் எல்லாருக்கும் இடுப்பு பெருத்ததற்கு லானிதான் காரணம்.

“செப்டம்பர் ஓட்டத்துல மணிக்கு நூறு மைல் வேகம்” என்றான். “போறப்பவும் நூறு, வர்றப்பவும் நூறு. மல்லாந்துடக் கூடாது. இல்லன்னா நான் டெல்மர்கிட்டயே படகு கட்டிக்கறேன். கோவிச்சுக்காதீங்க.”

“கோவிக்க என்ன இருக்கு.” அளவுகோல் நகர்ந்துகொண்டே இருந்தது. “இதுவும் மல்லாந்தா நான் இனிமே வேற யாருக்கும் கட்டறதா இல்ல. எனக்குன்னு ஒண்ணு கட்டிக் குளிக்கிற தொட்டியில விட்டுக்கறேன். அங்க டோனட் கேக்க ஆளில்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளை எனக்குப் பல வருடமாகத் தெரியும். புகைப்பதை விட்டதும் இப்படித்தான்; ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அதோடு சரி.

ஆர்லிஸ் டகோமாக்காரி. பள்ளியை முடித்ததும் பல் கட்டும் கூடத்தில் சுண்ணத் தட்டுகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். கழுவிக்கொண்டே பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்து மெழுகில் பல் செதுக்கக் கற்றுக்கொண்டாள். கூடத்துக்குப் பின்னால்தான் எங்கள் குளம். பழைய சரளைக் குழி, மழை நீர் நிரம்பிக் குளமாகியது. மதிய வேளையில் டெரியாக்கி கோழிச் சோற்றுப் பெட்டியோடு கரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒருநாள் ஒரு படகு புரண்டு சிதறியது. ஒரு துண்டு மிதந்து வந்து அவள் காலடியில் நின்றது. அதை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்து, “இந்த விளிம்பு தடிமனா இருக்கு” என்றாளாம்.

“அப்படியா? மெல்லிசா ஒண்ணு பண்ணிக் கொண்டா, பாப்போம்” என்றானாம் படகுக்காரன்.

அந்தப் படகுக்காரன்தான் டெல்மர் க்ரோக். அடுத்த மாதமே அவள் பண்ணிக் கொண்டுவந்தாள். அன்று தொடங்கிய சண்டை இன்றுவரை இருவருக்கும் ஓயவில்லை. டெல்மரும் படகு கட்டுபவன். அவன் படகுகள் சப்பையாக, அழகே இல்லாமல் இருக்கும், ஆனால் புரளாது. ஆர்லிஸின் படகுகளைப் பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும். நீண்ட மெல்லிய மூக்கு, கொக்கின் கழுத்தைப் போல. அந்த மூக்குக்காகவே லானி அவளிடம் வந்தான்.

எங்கள் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டியவர் படகைக் காயவைத்துக் கொடுக்கக் கூடாது. பந்தய நாளில் கட்டியவரே முதலில் இரு பக்கமும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடி முடித்ததும் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்துச் சொந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை அது கட்டியவருடைய படகு; நொறுங்கினால் நஷ்டமும் அவருக்கே. ஆர்லிஸ் லானிக்காகக் கட்டிய மூன்றில் ஒன்றுகூட அவன் கைக்கு ஈரமாகப் போனதில்லை. மூன்றும் என் வலையில்தான் கரைக்கு வந்தன. டோனட்டை மட்டும் அவள் வாங்க அவன் விடவில்லை. “மூக்கு வேணும்னு கேட்டது நான்” என்பான்.

கராஜில் அன்று சாயங்காலம் திடீரென்று சுரண்டி நின்றது.

“லானி, இது முழு வேகத்துல போறப்ப தண்ணியத் தொடறது எவ்வளவு?”

“ரெண்டு மிதவையோட குதிகால். அப்புறம் வாலுக்கடியில சுத்தற விசிறியில பாதி.”

“எல்லாத்தையும் சேத்தா?”

லானி யோசித்தான். “தபால் தலை ரெண்டு இருக்குமா?”

“மீதி?”

“மீதி காத்துலதான் போகுது.”

ஆர்லிஸ் சுரண்டியை மேசைமேல் வைத்தாள். “அப்போ நான் எதுக்கு ஒரு வாரமா அடிப்பலகையைச் சுரண்டிட்டு உக்காந்திருக்கேன்?”

எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. படகு கட்டுகிறவர்கள் தண்ணீரைத்தான் நினைப்போம். அடியை வழவழவென்று தேய்ப்போம், மெழுகு பூசுவோம், குழந்தையைப் போலத் துணியில் சுற்றிக் கொண்டுவருவோம். மேலே காற்றுக்கு என்று நாங்கள் செய்ததெல்லாம் மூக்கை இன்னும் கூராக்கியதுதான். முப்பது மைலில் அது போதும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. நூறை நெருங்கும்போது மோட்டார் போராடுவது தண்ணீரோடு இல்லை.

அடுத்த சனிக்கிழமை டெல்மர் தன் பங்குக்கு யோசனை சொன்னான். “மூக்குல ஈயத்த ஊத்து. கனமா இருந்தா ஏன் தூக்கப் போகுது?”

“கனமா இருந்தா ஏன் ஓடப் போகுது?” என்றாள் ஆர்லிஸ்.

“மெதுவாப் போனாலும் முழுசா வரும்.”

“உன்னைப் போலவா?”

டெல்மர் அடுத்த டோனட்டை எடுத்துக் கடித்தான். “திட்டினாலும் தித்திக்குது. லானி புண்ணியம்.”

ஞாயிறு காலை என் டிரக்கைக் கேட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், முன்பக்க மூடிக்குமேல் இரண்டு நீளக் கழிகளைக் கட்டி, வண்டிக்கு முன்னால் நீட்டி, அதன்மேல் ஒரு பலகையை வைத்திருந்தாள். பலகைதான் தண்ணீர். அதன்மேல் நாலாவது படகு. படகின் கீழே சமையலறை இழுப்பறையிலிருந்து கழற்றிய தண்டவாளம். காற்று தள்ளினால் படகு அதில் பின்னால் நகரும். நகர விடாமல் பிடித்து நிற்பது மீன் நிறுக்கும் வில் தராசு. முள் எங்களைப் பார்த்து இருந்தது. படகு முழுக்க, உச்சி முதல் வால்வரை, சிவப்புக் கம்பளி நூல் துணுக்குகளை ஒட்டியிருந்தாள். அம்மை போட்ட மாதிரி இருந்தது.

“காத்து கண்ணுக்குத் தெரியாது. நூல் தெரியும்” என்றாள். “ஓட்டு.”

லானி பின்னால் உட்கார்ந்து கழுத்தை நீட்டினான். பள்ளத்தாக்குச் சாலையில் நாற்பதைத் தொட்டோம். நூல்கள் படிய ஆரம்பித்தன. ஐம்பதைத் தாண்டும்போது பின்னால் நீல விளக்கு சுழன்றது.

சாலைக் காவலர் இறங்கி வந்தார். படகைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் படகைப் பார்த்தார்.

“மேடம், உங்க வண்டிக்கு முன்னால ஒரு படகு போயிட்டிருக்கு. தெரியுமா?”

“தெரியும் சார். அதத்தான் பாத்துட்டிருக்கோம்.”

“ரோட்டப் பாக்கணும் மேடம்.”

“ரோட்ட ஹார்லன் பாக்கறான்” என்று என்னைக் காட்டினாள். “நான் தராசைப் பாக்கறேன்.”

“இவரு?”

“நான் கவலைப்படறேன் சார்” என்றான் லானி. “படகு எனக்குத்தான்.”

காவலர் குனிந்து நூல்களைப் பார்த்தார். மிதவைகளுக்கு நடுவே சுரங்கம்போல் இருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். “சின்ன வயசுல சைக்கிளுக்குப் பின்னால பலகைப் படகு கட்டி இழுப்போம். என்னோடது எப்பவும் கவுந்துடும். எங்க அண்ணனோடது கவுறாது. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.”

“உங்களோடதுல மூக்கு நீளமா?”

“நீளமாத்தான் இருக்கும். அழகா இருக்கணும்னு நானே அறுத்து வெச்சேன்.”

 முட்டியைத் தட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸின் கை சட்டென்று நின்றது.

அபராதம் போடவில்லை. எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார். “பொது ரோட்டுல இது வேண்டாம். சரளைக் கம்பெனி ஆளுகிட்ட கேட்டுப் பாருங்க. உள்ளாற நேர் ரோடு இருக்கு, ஞாயித்துக்கிழமை லாரி ஓடாது” என்றவர், காரில் ஏறும்முன் திரும்பி, “ஏன் கவுறுதுன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க” என்றார்.

சரளைக் கம்பெனியின் காவலாளி லானி கூரை போட்டுக் கொடுத்த வீட்டுக்காரன். கதவைத் திறந்துவிட்டான். நேரே நீண்ட சாலை. அறுபது மைலில் வண்டியை நிலையாகப் பிடித்தேன்.

“முள்ளு ரெண்டரை பவுண்டுல நிக்குது” என்றாள் ஆர்லிஸ்.  கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்திருந்தாள்.

நானும் ஒரு கண்ணால் பார்த்தேன். அவள் உயிரைக் கொடுத்துத் தேய்த்த மூக்கின்மேல் நூல்கள் சீவிய தலைமுடிபோல் படிந்திருந்தன. ஒரு நூல்கூட அசையவில்லை. ஆனால் மேல்மூடி சட்டென்று முடியும் இடத்திலும், செங்கல்போல் வெட்டி நிறுத்திய வாலிலும் நூல்கள் பேயாடின. சுழன்றன, எழுந்து நின்றன. மூடிக்குப் பின்னால் இருந்த இரண்டு நூல்கள் நேராக முன்பக்கம் பார்த்து நீண்டிருந்தன.

“அது என்ன, எதிர்க்காத்துல எதிர்ப்பக்கம் போகுது?” என்றான் லானி.

“அங்க ஒரு குழி இருக்கு.” அவள் குரல் ஏறியது. “காத்துல குழி. முன்னால பிரிஞ்ச காத்து பின்னால வந்து சேர வழியில்ல. மூடி சட்டுனு முடியுது, வால் சட்டுனு முடியுது, காத்து எங்க போகும்? குழி விழுது. அந்தக் குழி படகை வாலப் புடிச்சு இழுக்குது. காத்தைப் பிரிக்கிறது சுலபம் லானி. பிரிச்சதைச் சேத்து வெக்கிறதுதான் வேலை. நாம எல்லாரும் மூக்கையே தேச்சுட்டிருந்தோம்.”

“சரி, அது வேகத்துக்கு. மல்லாந்து போறது?”

“வண்டிய நிறுத்து ஹார்லன்.”

நிறுத்தினேன். இறங்கி ஓடினாள். அறுபது வயதை நெருங்கும் பெண்மணி சரளைமேல் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். படகின் எடை சமமாக நிற்கும் இடத்தில் விரலை வைத்தாள். விரலுக்கு முன்னால் எவ்வளவு தளம், பின்னால் எவ்வளவு தளம் என்று கைச்சாணால் அளந்தாள்.

“முன்னால இருக்கறதெல்லாம் காத்தாடி” என்றாள். “கீழ காத்து போய் அடிச்சா தூக்கறது இந்த நீட்டுத்தான். அந்த ஆளோட பலகைப் படகும் இதுதான். அழகுக்காக அவரு அறுத்து வெச்ச மூக்கு. நானும் அதையே அறுத்து வெச்சிருக்கேன்.”

“அப்போ?”

“விதிப்படி மூக்கு நுனியிலேர்ந்து வால் நுனி வரைக்கும் முப்பத்திநாலு அங்குலம். அதுக்கு மேல கூடாது. வாலுக்கு நாலு அங்குலம் வேணும். எங்கேர்ந்து எடுக்கறது?”

லானிக்குப் புரிந்துவிட்டது.  “வேண்டாம் ஆர்லிஸ். அந்த மூக்குக்காகத்தான் நான் உங்ககிட்டயே வந்தேன்.”

“மூக்கு வேணுமா, நூறு வேணுமா?”

அவன் பதில் சொல்லும்முன் நாங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கராஜுக்குள் நுழைந்ததும் படகைத் துணிமேல் வைத்து, நீலத் தாளால் கோடு இழுத்து, பல் அறுக்கும் மெல்லிய ரம்பத்தை எடுத்தாள். லானி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். ரம்பத்தின் சத்தம் முடிந்து, மேசைமேல் லேசாக ஒன்று விழும் சத்தம் கேட்டது.

“செத்துப்போச்சா?” என்றான்.

“பொறந்திருக்கு. திரும்பிப் பாரு.”

பார்த்தான். “டெல்மர் படகு மாதிரி இருக்கு” என்றான் ஈனக் குரலில்.

“வாயக் கழுவு.”

வெட்டிய முனையை மெழுகு செதுக்கும் கத்தியால் சீவி, முழங்கை எலும்பைப் போல மொத்தையாக உருட்டினாள். காற்று மொத்தையான முன்பக்கத்தை மன்னித்துவிடும். மொத்தையான பின்பக்கத்தைத்தான் மன்னிக்காது என்றாள். பிறகு வால். மேல்மூடியின் முதுகிலிருந்து தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத சரிவாக இறங்கி, வால் நுனியில் கத்தி விளிம்பாக முடியவேண்டும். சரிவு கொஞ்சம் கூடினாலும் நூல் எழுந்து ஆடும். லேசான மரத்தில் செய்தாள், சரளைச் சாலைக்குக் கொண்டுபோனாள், நூல் ஆடியது. திரும்ப வந்து செதுக்கினாள். மறுபடி சாலை. ஆகஸ்ட் முழுவதும் ஞாயிறுகள் அப்படியே போயின. சில நேரம் எனக்கே அலுத்தது, அவளுக்கு அலுக்கவில்லை. ஒரு பல் கடிக்குப் பொருந்தும்வரை எத்தனை தடவை திருப்பி அனுப்புவார்களோ, அத்தனை தடவை படகைச் சாலை திருப்பி அனுப்பியது.

கடைசி ஞாயிறு எல்லா நூல்களும் படிந்திருந்தன, மூடியின் நடுவில் ஒரே ஒரு வரிசையைத் தவிர. அங்கே மரம் இல்லை. மின்கலப் பெட்டியின் கதவைச் சுற்றி ஒட்டும் தெளிந்த டேப்தான் இருந்தது.

“இதுல என்ன மேடு? தாள் கனம்கூட இல்லையே” என்றாள் ஆர்லிஸ்.

இப்போது லானி சிரிக்க ஆரம்பித்தான். “முன்னாலேர்ந்து ஒட்டிட்டு வந்தீங்களா?”

“எல்லாரும் அப்படித்தானே ஒட்டறோம்.”

“கூரையில மேலேர்ந்து ஆரம்பிச்சு ஓடு போட்டா என்னாகும்? மழை உள்ள எறங்கும். கீழேர்ந்து போட்டுட்டு மேல போகணும். மேலோடு கீழோட்ட மூடணும். இங்க காத்துதான் மழை. வால்லேர்ந்து ஒட்டிட்டு மூக்குக்கு வாங்க. ஒரு விளிம்பும் காத்தப் பாத்து நிக்காது.”

ஆர்லிஸ் டேப்பை உரித்து அவன் கையில் கொடுத்தாள். “நீயே ஒட்டு.”

அவன் பின்னாலிருந்து முன்னால் ஒட்டினான். அறுபதில் ஓட்டினேன். ஒரு நூலும் அசையவில்லை. முள் இரண்டுக்குக் கீழே நின்றது. வண்டிக்குள் மூன்று பேரும் கத்திய கத்தலில் என் காபிக் குடுவை கவிழ்ந்து போனது.

ஆனால் சாலை வேறு, தண்ணீர் வேறு. சாலையில் படகு தண்டவாளத்தில் நிற்கிறது, மல்லாந்து போகாது. குளத்தில் முழு வேகம் விட அனுமதி பந்தய நாளில் மட்டும்தான். மற்ற நாட்களில் மீன் பிடிப்பவர்களும் வாத்துகளும் இருப்பார்கள். அதனால் செப்டம்பர் ஓட்டத்தன்று காலைவரை அது புரளுமா புரளாதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அன்று மேகம் விலகி, தூரத்துப் பனிமலை தெரிந்தது. வெள்ளையாக, முழுதாக, குளத்திலும் பாதி பிம்பமாக. மலை தெரியும் நாளில் காற்று கிளம்ப நேரமாகும் என்று கரையில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நேரம் எடுப்பவன் டெல்மர். எவ்வளவு சண்டை என்றாலும் கடிகாரத்தில் அவன் பொய் சொன்னதில்லை. அதனால்தான் அந்த வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறோம்.

சிவப்புச் சாயம் பூசிய படகின்மேலிருந்து ஆர்லிஸ் துணியை விலக்கியதும் டெல்மர் குனிந்து பார்த்தான். “மூக்கு எங்க?”

“சளி புடிச்சது, எடுத்துட்டேன்.”

“பன்னிக்குட்டி மாதிரி இருக்கு.”

“பன்னிக்குட்டி ஓடிப் பாத்திருக்கியா? புடிக்க முடியாது.”

நான் என் படகை வலித்துக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனேன். புறப்படும்போது வலையை எடுத்துக் கொடுத்தவள் ஆர்லிஸ்தான். “இது இன்னிக்குக் காஞ்சே இருக்கட்டும் ஹார்லன்” என்றாள்.  

கரையில் ரிமோட் ஆர்லிஸ் கையில். முதல் ஓட்டம் வடக்கே. படகு கரையை விட்டுக் கிளம்பியதும் உறுமவில்லை. துணி கிழியும் சத்தம்தான் வந்தது. என் முன்னால் போனதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு சிவப்புக் கோடு, அதற்குப் பின்னால் சேவல் வால்போல் எழுந்த தண்ணீர். முடிவில் வளைந்து நின்றது.

“நூத்தி நாலு” என்று டெல்மர் கரையிலிருந்து கத்தினான்.

யாரும் கைதட்டவில்லை. லானியின் பழைய மூன்று படகுகளும் திரும்பி வரும்போதுதான் புரண்டன. ஒரே மின்கலத்தோடு, சில நிமிடத்துக்குள், எதிர்த்திசையில் ஓட்டியாக வேண்டும். அந்தச் சில நிமிடத்தில்தான் மலையின் பிம்பம் கலைந்தது. முதலில் தெற்குக் கரையோரம் தண்ணீர் சுருங்கியது. அப்புறம் என் கன்னத்தில் காற்று. நேராகத் தெற்கிலிருந்து, படகு வரப்போகும் பாதைக்கு எதிராக.

“நிறுத்திக்கலாம் ஆர்லிஸ்” என்ற லானியின் குரல் தண்ணீரைக் கடந்து கேட்டது. “அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“காத்துல ஓடத்தானே கட்டினேன்” என்றாள்.

சிவப்புக் கோடு என்னை நோக்கி வந்தது. எனக்கு நேரே வரும்போது ஒரு சிற்றலைமேல் ஏறியது. மூக்கு எழுந்தது. ஒரு கையகலம். மிதவைகள் இரண்டும் தண்ணீரை விட்டுவிட்டன; விசிறி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று படகுகளையும் அதே நிலையில் நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நொடி அடிப்பலகை வானத்தைப் பார்க்கும். என் கை தானாக வலையைத் தொட்டது.

அடிப்பலகை தெரியவில்லை. அந்தக் கையகலம் அப்படியே நின்றது. காற்று தூக்கிவிட முன்பக்கம் நீண்ட மூக்கு இல்லை. முன்பக்கத்தை அமுக்கிவைக்கப் பின்பக்கம் நாலு அங்குல வால் இருந்தது. படகு காற்றில் சாய்ந்து, யோசித்து, முன்பக்கத்தைத் தானே இறக்கித் தண்ணீர்மேல் உட்கார்ந்து, கோட்டைக் கடந்து போனது.

கரையில் எல்லாரும் டெல்மரைப் பார்த்தார்கள். டெல்மர் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியில் துடைத்தான். மறுபடி போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான்.

“டெல்மர், உன்னைக் கொன்னுடுவேன்” என்றான் லானி.

“இரப்பா, எண் சின்னதா இருக்கு.” இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் ஆர்லிஸைப் பார்த்தான். “நூறு, புள்ளி மூணு. எதிர்க்காத்துல.”

எழுந்த சத்தத்தில் வாத்துகள் அத்தனையும் பறந்தன. லானி தரையில் உட்கார்ந்துவிட்டான். டெல்மர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு, “அப்போ அடுத்த வாரம் டோனட் கிடையாதா?” என்றான்.

நான் காய்ந்த வலையோடு கரைக்கு வலித்து வந்தபோது ஆர்லிஸ் காலணியோடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கியிருந்தாள். படகு தானாகவே மெல்ல மிதந்து அவளிடம் வந்தது. குனிந்து, இரண்டு கையாலும் எடுத்தாள். கட்டைவிரல் ஒருமுறை வால் நுனியைத் தடவிப் பார்த்தது. துடைக்கவில்லை.

“எழுந்திரு லானி. சட்டைக் கையை மடிக்காத.”

அவன் எழுந்து வந்து, தார் கறை போகாத உள்ளங்கைகள் இரண்டையும் விரித்து நீட்டினான். அவள் படகை அவற்றின்மேல் வைத்தாள். மிதவைகளிலிருந்து வழிந்த குளத்துத் தண்ணீர் அவன் மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள் முழங்கைவரை ஓடியது.